எட்டுக்கால் பூச்சிமேல் பழி போடும் முன்...

காலில் ஒரு சிவந்த தடிப்பு. இரண்டு மூன்று நாளில் அதன் நடுவே கறுத்த பொருக்கு. "எட்டுக்கால் பூச்சி கடிச்சிருக்கும், மஞ்சள் அரைச்சுப் போடு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் இந்தத் தீர்ப்பை ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். கடித்த பூச்சியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் குற்றவாளி யார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

மாணவர்களே, இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பாட்டியையோ அப்பாவையோ கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும்போது, தமிழில் சொன்னதை மருத்துவரிடம் மலாயில் எடுத்துச் சொல்பவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். "லாபா-லாபா கடித்துவிட்டது" என்று நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம் மருத்துவரின் கவனத்தை ஒரு பக்கம் திருப்பிவிடும். அது தவறான பக்கமாக இருந்தால், சில நாள் மாத்திரையில் தீர வேண்டிய நோய் உயிரைத் தொடும் அளவுக்கு முற்றிவிடலாம்.

சிரம்பான், ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ், தம்பின் என்று நெகிரி செம்பிலான் முழுவதும் ரப்பர் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. லயத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களும் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் திரும்பி வந்து புல்தரையில் பாய் விரித்து உட்காருகின்றன. ஆகவே, எது உண்மையில் சிலந்திக் கடி, எது இல்லை என்று தெரிந்து வைத்திருப்பது எல்லாருக்கும் பயன்படும்.

ஒரு சொல், பல பொருள்

குழப்பம் நம் மொழியிலேயே தொடங்குகிறது. தமிழில் 'சிலந்தி' என்ற சொல் எட்டுக்கால் பூச்சியை மட்டும் குறிப்பதில்லை. உடலில் வரும் கட்டி, கொப்புளம், ஆறாத புண் ஆகியவற்றுக்கும் அந்தப் பெயர் உண்டு. குடிநீர் வழியாக உடலுக்குள் புகுந்து, காலில் கொப்புளமாகி வெளிவரும் புழுவுக்கு 'நரம்புச்சிலந்தி' என்று பெயர். அந்த நோய் இந்தியாவில் முற்றாக ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2000-ல் சான்றளித்தது. அந்தப் புழுவுக்கும் எட்டுக்கால் பூச்சிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எனவே ஒரு பாட்டி "சிலந்தி வந்திருக்கு" என்றால், அவர் சொல்ல வந்தது கட்டியாக இருக்கலாம். அதை நீங்கள் 'லாபா-லாபா' என்று மொழிபெயர்த்தால், மருத்துவர் காதில் விழுவது பூச்சிக்கடி. கட்டிக்கு மலாயில் 'பீசுல்' என்ற சொல் இருக்கிறது. பாட்டி "வந்திருக்கு" என்கிறாரா, "கடிச்சிருக்கு" என்கிறாரா என்பதைக் கவனியுங்கள். சந்தேகமாக இருந்தால், "பூச்சியைக் கண்ணால பார்த்தீங்களா பாட்டி?" என்று கேட்டுவிடுங்கள்.

நம் தோட்டத்துச் சிலந்திகள்

உலகில் இதுவரை 50,000-க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் பதிவாகியுள்ளன. அனேகமாக எல்லாவற்றிடமும் நஞ்சு உண்டு. இரையை அடக்க அதுதான் அவற்றின் ஆயுதம். ஆனால் பெரும்பாலானவற்றின் பற்கள் மனிதத் தோலைத் துளைக்கும் வலுவற்றவை. துளைத்தாலும், ஒரு வண்டைச் சாய்க்கப் போதுமான நஞ்சு நம்மை ஒன்றும் செய்வதில்லை. மனிதர்களுக்கு உண்மையான ஆபத்தைத் தரும் வகைகள் மிகச் சிலவே.

விடியற்காலையில் பால் வெட்டப் போகும்போது, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய பெரிய வலை முகத்தில் ஒட்டும். வெயில் பட்டால் வலை பொன்னிறமாக மின்னும். நடுவில் உள்ளங்கை அகலத்தில் கால் பரப்பி உட்கார்ந்திருப்பது பொன்வலைச் சிலந்தி. பார்க்கப் பயமாக இருந்தாலும் நம்மை நாடி வந்து கடிக்கும் பழக்கம் அதற்கில்லை. வீட்டுச் சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு இரவில் கரப்பான் வேட்டையாடும் பழுப்பு நிறச் சிலந்தியும் அப்படித்தான். கையால் அழுத்திப் பிடித்தால் கடிக்கும், கொஞ்ச நேரம் வலிக்கும், அவ்வளவே. ஒரு தலைமுறைக்கு முன் பிள்ளைகள் தீப்பெட்டியில் இலை போட்டு வளர்த்து, சண்டைக்கு விட்ட குதிக்கும் சிலந்திகளும் தீங்கற்றவை.

பத்துமலைக்குத் தைப்பூசத்துக்குப் போகும் நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று: அங்குள்ள இருள் குகையில் வாழும் கதவுச் சிலந்தி ஒன்றுக்கு அறிவியலாளர்கள் பத்துமலையின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். 30 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பழமையான சிலந்திக் குலத்தின் வாரிசு அது. பட்டு நூலால் மூடி செய்த வளைக்குள் பதுங்கியிருக்கும். மனிதர்களுக்கு அதனால் ஆபத்தில்லை. மனிதர்களால்தான் அதற்கு ஆபத்து.

கவனமாக இருக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மண்ணிலும் மரப்பொந்திலும் வளை தோண்டி வாழும் உரோமம் அடர்ந்த பெருஞ்சிலந்தி, அதாவது டரண்டுலா. இதன் கடி கடுமையாக வலிக்கும். ஆசிய வகைகளின் கடியால் சில மணி நேரத்துக்குப் பிறகு தசைப்பிடிப்பும் வரலாம். வளைக்குள் குச்சியை விட்டுக் கிளறும் விளையாட்டை விட்டுவிட வேண்டும். இதைச் செல்லப்பிராணியாக வளர்க்கும் இளைஞர்களும் வெறுங்கையால் தூக்காமல் இருப்பது நல்லது.

இரண்டாவது, பழுப்பு விதவைச் சிலந்தி. இது தீபகற்ப மலேசியாவில் இருப்பதை ஆய்வாளர்கள் முதன்முறையாக 2015-ல் அறிவியல் இதழில் பதிவு செய்தார்கள். கடலை அளவே உடல். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். கால்களில் பட்டை பட்டையாகக் கோடுகள். வயிற்றின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் உடுக்கை வடிவம். இதை அடையாளம் காண எளிய வழி முட்டைப் பைதான்: உருண்டையாக, சுற்றிலும் முள் முள்ளாக இருக்கும். பூந்தொட்டியின் விளிம்பு, பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்பக்கம், பழைய டயர், வெளியே கிடக்கும் சப்பாத்து ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். விதவைச் சிலந்திக் குடும்பத்தில் அமெரிக்காவின் கரும்விதவையும் ஆஸ்திரேலியாவின் செம்முதுகுச் சிலந்தியும் பெயர் போனவை. அவற்றோடு ஒப்பிட்டால் பழுப்பு விதவையின் கடி பெரும்பாலும் லேசானதே.

உண்மையான கடியின் அடையாளங்கள்

சிலந்தி கடித்தால் பெரும்பாலும் அந்த நொடியே சுருக்கென்று தெரியும். கடி ஒன்றுதான் இருக்கும். கையிலும் காலிலும் வரிசையாகப் பத்துத் தடிப்புகள் இருந்தால் அது மூட்டைப்பூச்சி, கொசு, எறும்பு போன்றவற்றின் வேலை. கடித்த இடம் சிவந்து, கொஞ்சம் வீங்கி, ஓரிரு நாளில் தணிந்துவிடும்.

விதவைச் சிலந்தியின் நஞ்சு நரம்பு முனைகளைத் தாக்கும். முதலில் குத்தியது போன்ற சிறு வலி. பிறகு ஒரு மணி நேரத்துக்குள் வலி கூடிக்கொண்டே போகும். காலில் கடித்தால் தொடை இடுக்குக்கும் வயிற்றுக்கும், கையில் கடித்தால் தோளுக்கும் மார்புக்கும் வலி ஏறும். கடித்த இடத்தைச் சுற்றி வியர்க்கும், குமட்டல் வரும், வயிறு இறுகும். இப்படிப் பரவும் வலிக்கு மருத்துவமனையில் வலிநிவாரணியும் தசைப்பிடிப்பைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்துக் கவனிப்பார்கள்.

'சிலந்தி கடித்தால் சதை அழுகும்' என்ற பயத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், கடித்த சிலந்தியையே பிடித்துக்கொண்டு வந்த 750 பேரை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடச் சதை அழுகிய புண் வரவில்லை. சதையைக் கெடுக்கும் நஞ்சு உள்ள பழுப்புச் சிலந்தி அமெரிக்காவில் இருப்பது உண்மை. அதுவும் கண்டவுடன் கடிப்பதில்லை. கேன்சஸ் மாநிலத்தில் ஒரு வீட்டிலிருந்து ஆறு மாதத்தில் 2,055 பழுப்புச் சிலந்திகளைப் பிடித்தார்கள். அந்த வீட்டில் குடியிருந்த நால்வரில் ஒருவரையும் அவை கடித்திருக்கவில்லை.

கடித்தால் என்ன செய்வது?

கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். எடுத்துவிட்டு மறுபடியும் வைக்கலாம். விரலில் மோதிரம், கையில் வளையல் இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். தடுப்பூசி அட்டையைப் பார்த்து, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கைத்தொலைபேசி இங்கே நல்ல கருவி. சிலந்தி இன்னும் அங்கேயே இருந்தால், எட்ட நின்று படம் எடுங்கள். பிடிக்கப் போய் இரண்டாவது கடி வாங்க வேண்டாம். சிவப்பு எதுவரை இருக்கிறதோ, அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். நான்கு மணி நேரம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். "கொஞ்சம் பெரிசாயிட்டது போல இருக்கு" என்று சொல்வதைவிட இந்தக் கோடு மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, சூடு வைப்பது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, சுண்ணாம்பு, புகையிலை, பற்பசை பூசுவது ஆகிய எதுவும் நஞ்சை எடுக்காது. கீறிய இடத்தில் கிருமி புகும். பூசிய பூச்சு புண்ணின் நிறத்தை மறைக்கும்.

மூச்சுத் திணறல், முகமோ உதடோ வீங்குவது, மயக்கம், கண் இமை தொங்குவது, விடாத வாந்தி, உடல் முழுக்கத் தசைப்பிடிப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. 999-ஐ அழையுங்கள், அல்லது நேராக மருத்துவமனைக்குப் போங்கள். சிரம்பானில் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை, கோலாப்பிளாவில் துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனை ஆகியவற்றோடு போர்ட்டிக்சன், தம்பின், ஜெம்புல், ஜெலுபு ஆகிய இடங்களிலும் அரசாங்க மருத்துவமனைகள் இருக்கின்றன. கடிபட்டவர் சிறு குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் அறிகுறி லேசாக இருந்தாலும் காட்டிவிடுவதே நல்லது. நஞ்சு பற்றி ஆலோசனை கேட்கப் பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நஞ்சு மையத்தின் இலவச எண் 1-800-88-8099.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பூச்சியைப் பார்க்காமலே 'சிலந்திக் கடி' என்று சொல்லப்படும் பல புண்களுக்கு உண்மைக் காரணம் வேறு. தோட்டப்புறத்தில் அடிக்கடி காண்பவை இவை.

சார்லி: கறுப்பும் ஆரஞ்சும் கலந்த, எறும்பு போன்ற சிறு வண்டு. மலாயில் 'செமுட் காயாப்' என்றும் சொல்வார்கள். இது கடிப்பதில்லை. கழுத்தில் ஊர்ந்ததை நாம் நசுக்கும்போது அதன் உடல்நீர் தோலைப் பொசுக்குகிறது. மறுநாள் கோடு இழுத்தது போல் கொப்புளம் வரும். இரவில் விளக்கைத் தேடி வரும் பூச்சி இது. உடம்பில் கண்டால் நசுக்காமல் ஊதித் தள்ளி, அந்த இடத்தைச் சவர்க்காரத்தால் கழுவ வேண்டும்.

அக்கி: "எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துடுச்சி" என்று அதிகம் சொல்லப்படுவது இதைத்தான். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டையாக, எரிச்சலோடு கொப்புளங்கள் வரும். சின்னம்மை வந்து போன பிறகு நரம்பில் உறங்கிக்கொண்டிருந்த கிருமி மறுபடி விழிப்பதால் வருவது இது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் பலன் அதிகம். கண்ணருகே வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

முள்ளுப்புழு: செம்பனை ஓலையைத் தின்னும் புழுக்களில் சிலவற்றின் உடலில் நஞ்சுமுட்கள் இருக்கும். பழம் வெட்டும்போது கழுத்திலும் தோளிலும் விழுந்தால் நெருப்புப் பட்டது போல் எரியும். ஒட்டும் நாடாவை ஒட்டி எடுத்தால் முட்கள் வந்துவிடும்.

பூரான், தேள், குளவி: பூரான் கடி உடனே கடுமையாக வலிக்கும், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்திருந்தால் வலி குறையும். நம் ஊர்க் காட்டில் திரியும் பெரிய கருந்தேளின் கொட்டு வலியோடு நின்றுவிடும். இந்தியாவின் செந்தேளோ இதயத்தையே தாக்கும். மகாராஷ்டிராவின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவர் பவஸ்கர் பிரசோசின் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். நம் மூதாதையர் கப்பலில் கொண்டுவந்த தேள் பயம் அந்தச் செந்தேளைப் பற்றியது. இங்கே தேளைவிட அதிகம் அஞ்ச வேண்டியது குளவிக் கூட்டம். பல கொட்டுகள் வாங்கியவரை, அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பாம்பு: இருட்டில் 'ஏதோ பூச்சி கடிச்சது' என்று படுத்துவிடுவது ஆபத்து. கட்டுவிரியன் இனப் பாம்புகளின் கடி வலிக்காமலே இருக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளைகள், ஏறிக்கொண்டே போகும் வீக்கம், தொங்கும் இமை, குழறும் பேச்சு ஆகியவற்றைக் கண்டால் கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சர்க்கரைப் புண்: 2019-ன் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்களிடம்தான் அதிகம். அப்பாவின் காலில் ஆறாமல் இருக்கும் 'சிலந்திப் புண்' சர்க்கரையால் ஆறாமல் இருக்கலாம். இந்தப் புண்ணைக் காலம் கடத்தினால் இழக்க நேர்வது காலை.

கறுப்புப் பொருக்கும் காய்ச்சலும்

தோட்டத்து மக்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைக் கடைசியில் வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் இதை 'உண்ணிக் காய்ச்சல்' என்பார்கள். மருத்துவத்தில் ஸ்க்ரப் டைபஸ்.

புல்லிலும் புதரிலும் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. மலாயில் 'துங்காவ்' என்பது இந்தச் சிற்றுண்ணிகளின் பொதுப்பெயர். வழக்கமாக இது எலியின் காதில் ஒட்டிச் சாறு உறிஞ்சும். செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழமும் எலியும் இருக்கும் இடத்தில் இதுவும் இருக்கும். மனிதன் அங்கே உட்கார்ந்தால் அவன்மேல் ஏறுகிறது. இடுப்பு நாடா, அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம் என்று மறைவான மெல்லிய தோலைத் தேடிக் கடிக்கும். கடி வலிக்காது, அரிக்கவும் அரிக்காது என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

கிருமி உள்ளே போனால், கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு உண்டாகும். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி வரும். இந்தப் பொருக்குத்தான் 'சிலந்திக் கடி' என்று பெயர் வாங்கிக்கொள்கிறது. காய்ச்சலுக்கு டெங்கிப் பரிசோதனை செய்வார்கள். 'டெங்கி இல்லை' என்றதும் வீட்டில் நிம்மதி. பொருக்கையும் காய்ச்சலையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அதற்குள் கிருமி நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் எட்டிவிடலாம். சிகிச்சை பெறாத நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நூற்றுக்கு ஆறு பேர் என்ற அளவில் இறப்பு இருந்திருக்கிறது. சில இடங்களில் அதைவிடப் பல மடங்கு அதிகம்.

மருந்தோ எளியது: டாக்சிசைக்ளின். நேரத்தோடு தொடங்கினால் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். ஆனால் வழக்கமாகக் கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியிடம் பலிக்காது. அதனால்தான் மருத்துவருக்குச் சரியான தகவல் போய்ச் சேர வேண்டும். நிலைமை கடுமையானவர்களுக்கு டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது இன்னும் நல்ல பலன் தருவதாக, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் நிறுவியது.

இந்த நோயின் வரலாற்றில் நம் நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. 1920-களில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் வில்லியம் ஃபிளெட்சரும் லெஸ்லரும் மலாயாவில் இருவகை டைபஸ் இருப்பதைக் கண்டார்கள். நகரத்துக் கடைகளில் வேலை செய்வோரைத் தாக்கியதற்குக் 'கடை டைபஸ்' என்றும், தோட்டத்திலும் புதரிலும் வேலை செய்வோரைத் தாக்கியதற்குப் 'புதர் டைபஸ்' என்றும் பெயர். செம்பனை பயிரிடத் தொடங்கியிருந்த தோட்டங்களின் தொழிலாளர்கள் இரண்டாவது பட்டியலில் இருந்தார்கள்.

1948-ல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் ஒரு குழு கோலாலம்பூருக்கு வந்தது. ஆய்வுக் கழகத்தின் லெவ்த்வெயிட், சவூர் ஆகியோரோடு சேர்ந்து, குளோரம்பெனிகால் என்ற புதிய மருந்தை இந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தது. நோயாளிகள் வியக்கும் வேகத்தில் தேறினார்கள். ஸ்க்ரப் டைபஸ் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்பது பிறகு தெரிந்தது. அவர்களும் தேறினார்கள். டைபாய்டுக்கு முதல் நல்ல மருந்து கிடைத்தது அப்படித்தான். அந்தத் தவறு நன்மையில் முடிந்தது, கொடுத்த மருந்து இரண்டு நோயையும் கேட்டதால். எல்லாத் தவறுகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அழைத்துப் போகும்போது, நோயின் பெயரைச் சொல்வதற்குப் பதில் பார்த்ததைச் சொல்லுங்கள்.

1. கடித்ததைக் கண்ணால் பார்த்தோமா? பார்க்கவில்லை என்றால் "பார்க்கவில்லை" என்றே சொல்லுங்கள். படம் இருந்தால் காட்டுங்கள்.

2. எந்த நாள், எந்த நேரம் தொடங்கியது? முதலில் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது?

3. காய்ச்சல் உண்டா? எத்தனை நாளாக? மலாயில் 'டெமாம்' என்ற ஒரு சொல் போதும்.

4. கடந்த மூன்று வாரத்தில் தோட்டத்திலோ புதரிலோ வேலை செய்தாரா? பாசறை, மலையேற்றம், கோயில் சிரமதானம் ஆகியவையும் கணக்கில் சேரும். குனோங் அங்சி ஏறிவிட்டு வந்த மாணவருக்கும் இது பொருந்தும்.

5. நீரிழிவு, ஒவ்வாமை, கர்ப்பம், வழக்கமாகச் சாப்பிடும் மருந்து.

இன்னொன்று. காய்ச்சலாகக் கிடப்பவர் மறைவான இடங்களில் உள்ள பொருக்கைக் கூச்சத்தால் காட்ட மாட்டார். "அம்மா, இடுப்புப் பக்கம், அக்குள் பக்கம் கறுப்பா ஏதாவது இருக்கான்னு பாருங்கம்மா" என்று வீட்டிலேயே கேட்டு வையுங்கள். பொருக்கு எல்லாருக்கும் இருக்காது. ஆனால் இருந்தால், அதைக் காட்டுவதே பாதி சிகிச்சை.

வராமல் தடுக்க

வெளியே வைத்த சப்பாத்தையும் கையுறையையும் தட்டி உதறிய பிறகே போடுங்கள். அடுக்கிய பலகை, ஓலைக் குவியல், பழைய டயர் ஆகியவற்றுக்குள் வெறுங்கையை விடாதீர்கள். தோட்டத்தில் நீளக் கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். சட்டையைக் கழற்றிப் புல்லில் போடாதீர்கள்; கிளையில் மாட்டுங்கள். உட்காரத் தார்ப்பாய் விரியுங்கள். வீடு திரும்பியதும் வேலைத் துணியோடு கட்டிலில் சாயாமல், குளித்து உடை மாற்றுங்கள். வீட்டைச் சுற்றிப் புல்லை வெட்டி, எலி அண்டாமல் குப்பையை மூடி வையுங்கள்.

சுவரில் உட்கார்ந்திருக்கும் சிலந்தியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, வெளியே விட்டுவிடலாம். இல்லை, அப்படியே விட்டுவைத்தால் இன்று இரவு அது உங்கள் வீட்டுக் கரப்பானைப் பார்த்துக்கொள்ளும்.